ஸ்டியரிங் தண்டு: கை கியர், ஹெரால்டு, விட்டுக்கொடுக்க வேண்டிய ஒரு மூட்டு

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல இருக்குற ஊர் மல்லசமுத்திரம். பருத்தி ஏலத்துக்குப் பேர் போன ஊர். சுத்திப் பார்த்தா எல்லாமே வண்டி ஊர்கள்தான். நாமக்கல்லுன்னா லாரி, சங்ககிரின்னா லாரி, திருச்செங்கோடுன்னா போர் போடுற ரிக் வண்டி. இந்தப் பக்கம் எந்த லேத் பட்டறையிலயும் வண்டிச் சாமான் ஒண்ணாவது கடைசல் ஆகிட்டு இருக்கும். அதனால பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்ல பூமி. கடையில கிடைக்காத புஷ்ஷைக் கடைஞ்சு வாங்கிடலாம், ஒடைஞ்சதை ஒட்டி வாங்கிடலாம்.

ஆனா பழைய காரில் ஒரு இடம் மட்டும் இந்த "கடைஞ்சிடலாம், ஒட்டிடலாம்" கணக்குக்குள்ள வராது. அது ஸ்டியரிங் தண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்டியரிங் காலம்'. தமிழ்ல அப்படியே எழுதினா நேரம் காலம்னு படிச்சிடுவீங்க, அதனால தண்டுன்னே வச்சுக்குவோம். ஸ்டியரிங் சக்கரத்துக்கும் கீழே இருக்கும் பல்சக்கர அமைப்புக்கும் நடுவே போகும் இரும்புத் தண்டு, அதைச் சுத்தியிருக்கும் குழாய், அதில் தொத்திக்கிட்டு இருக்கும் கியர் லிவர், ஹாரன் ஒயர் எல்லாம் சேர்ந்தது.

பழைய காரில் "ஸ்டியரிங் ஆடுதுங்க", "கியர் மாட்டிக்குதுங்க", "திருப்பினா ஹாரன் தானா அடிக்குதுங்க" என்று வரும் புகார் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. அந்தச் சரித்திரம் தெரிஞ்சா பழுது எங்கேன்னு கண்டுபிடிப்பது பாதி முடிஞ்ச மாதிரி. தெரியாம ரிப்பேர் பண்ணினா, ஒரு காரில் அது உயிருக்கே ஆபத்து. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போறேன்.

மூணே மூணு கார்

நம்ம ஊரில் "பழைய கார்" என்றால் பெரும்பாலும் மூணு குடும்பம்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செஞ்ச ஃபியட், பின்னால் பத்மினி. மெட்ராசில், தாம்பரத்தைத் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஏன் மூணு மட்டும்? சுதந்திரம் வந்த காலத்தில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளும் இங்கே கார் பூட்டிக்கொண்டிருந்தன. பாகங்களைக் கப்பலில் கொண்டு வந்து இங்கே பூட்டுவது மட்டும்தான் அவங்க வேலை. 1953இல் சுங்கவரி ஆணையம் சொன்ன யோசனைப்படி, படிப்படியாக பாகங்களை இந்தியாவிலேயே செய்யத் திட்டம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இனி அனுமதி என்று அரசு சொன்னது. வெறுமனே பூட்டுறவங்க மூட்டை கட்டினாங்க. கார் பக்கம் நிலைச்சு நின்னது இந்த மூணு கம்பெனிகள்.

இதனால் ரெண்டு விளைவு. ஒண்ணு, பிரிட்டனிலும் இத்தாலியிலும் சீக்கிரம் மறைஞ்சுபோன வடிவமைப்புகள் இங்கே முப்பது, நாப்பது வருஷம் ஓடின. ரெண்டாவது, அசல் பாகத்துக்குக் காத்திருக்காம பட்டறையிலேயே செஞ்சு போடும் பழக்கம் ஊருக்கு ஊர் வேர் பிடிச்சது. நம்ம மெக்கானிக்குகளோட கைத்திறமை அங்கே பிறந்தது. இந்தக் கதையில் வரும் ஆபத்தும் அங்கேதான் பிறந்தது.

தண்டில் எல்லாம் ஏறிய கதை

ஆரம்ப கால மோட்டார் வண்டிகளில் சக்கரம் கிடையாது. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடிதான். 1894இல் பாரீசிலிருந்து ரூவான் வரைக்கும் நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வாசெரோன் தன் பனார் வண்டியில் வட்டச் சக்கரம் பொருத்தி ஓட்டினார். சில வருஷத்தில் எல்லாரும் சக்கரத்துக்கு மாறிட்டாங்க. சக்கரம் வந்ததும் அதைத் தாங்க ஒரு தண்டு வேணும். தண்டு வந்ததும் அதில் ஒவ்வொண்ணா ஏற ஆரம்பிச்சது.

காரணம் ரொம்ப சாதாரணம். ஓட்டுறவரோட கை எப்பவும் அங்கேதான் இருக்கு. ஃபோர்டு மாடல் டி காரில் ஆக்சிலேட்டரும் இக்னிஷன் நேரத்தை முன்ன பின்ன தள்ளும் லிவரும் ஸ்டியரிங்குக்குக் கீழே தண்டிலேயே இருந்தன. ஸ்டியரிங்கை இலேசாக்கும் பல்சக்கரங்கள்கூட அந்தக் காரில் தண்டின் உச்சியில், சக்கரத்துக்கு நேர் கீழேதான். ஹாரன் பொத்தான் நடுவில் வந்தது. இண்டிகேட்டர் சுவிட்ச் வந்தது. கடைசியில் கியர் லிவரும் ஏறிடுச்சு.

1938இல் அமெரிக்காவின் பான்டியாக் கம்பெனி தண்டில் கியர் லிவர் வச்ச காரை விற்க ஆரம்பிச்சது. ரெண்டு, மூணு வருஷத்தில் அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் அப்படி மாறிட்டன. தரையில் கியர் கம்பி இல்லேன்னா முன் சீட்டை ஒரே நீள பெஞ்சாகப் போடலாம், மூணு பேர் உட்காரலாம். போருக்குப் பிறகு பிரிட்டன் அந்த நாகரிகத்தைப் பிடிச்சுக்கிட்டது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 1948லேயே தண்டு கியரோடதான் வந்தது. அதோட மூணாவது வரிசைதான் 1957இல் உத்தர்பாராவில் அம்பாசிடராகப் பிறந்தது. ஃபியட் 1100க்கும் தண்டில்தான் கியர்.

நம்ம ஊரில் இதுக்கு வச்ச பேர் 'ஹேண்ட் கியர்', இல்லேன்னா 'கை கியர்'. பிரிட்டனில் 1960களிலேயே இதோட மவுசு போயிடுச்சு. இங்கே 1990கள் வரைக்கும் ஓடியது. அம்பாசிடரில் தரை கியர் வந்ததே 1990களின் தொடக்கத்தில் இசுசு எஞ்சின் போட்ட 1800 மாடலோடுதான். நடுவுல யாருக்கும் மாத்தத் தோணாததுக்குப் பல காரணம் சொல்லலாம். போட்டி இல்லை, புதுசா முதல் போடத் தேவை இல்லை. ஆனா வாங்குறவங்க பக்கமும் ஒரு காரணம் இருக்கு. கல்யாணத்துக்கோ திருச்செங்கோடு மலைக்கோ வாடகைக்கு ஒரு அம்பாசிடர் பேசினால் டிரைவரைச் சேர்த்து முன்னாடி மூணு பேர், பின்னாடி நாலு பேர், மடியில் ரெண்டு குழந்தைங்க. கியர் கம்பி தரையில் நின்னா அந்த முன் சீட்டு ஆள் எங்கே கால் வைப்பார்? டாக்ஸிக்காரருக்கு அந்த ஒரு சீட்டு ஒரு கூலி.

கை கியர் ஏன் மாட்டிக்குது?

தரை கியரில் லிவர் பெரும்பாலும் கியர் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். கை ஆட்டினால் நேரா உள்ளே போய் வேலை நடக்கும். கை கியரில் அப்படி இல்லை. லிவரை நீங்க ரெண்டு விதமா அசைக்கிறீங்க. மேலும் கீழுமா ஒண்ணு, உங்கப் பக்கமும் எதிர்ப் பக்கமுமா ஒண்ணு. ஒரு அசைவு எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுக்கும். இன்னொரு அசைவு அந்த ஜோடியில் ஒண்ணைப் பிடிக்கும். இந்த ரெண்டு அசைவும் தண்டை ஒட்டிப் போகும் கம்பி வழியா அடிவரைக்கும் இறங்கி, அங்கே சின்னச் சின்ன லிவர்களாகத் திரும்பி, கம்பிகள் வழியா கியர் பெட்டிக்குப் போகணும். வழியில் மூட்டுக்கு மூட்டு புஷ். ஒவ்வொரு புஷ்ஷும் கொஞ்சம் தேஞ்சால் எல்லாத் தேய்மானமும் கூட்டுச் சேர்ந்து லிவரில் பெரிய ஆட்டமாகத் தெரியும். தேர்ந்தெடுக்கும் அசைவு பாதியில் நின்னுடுச்சுன்னா ரெண்டு ஜோடிக்கும் நடுவுல மாட்டிக்கும்.

பழைய அம்பாசிடர் டிரைவருங்க எல்லாருக்கும் இதுக்கு ஒரு கை வைத்தியம் தெரியும். நடுரோட்டில் வண்டி நிக்கும், அவர் பதட்டமே இல்லாம இறங்கி பானட்டைத் திறந்து, தண்டோட அடியில் இருக்கும் லிவரைக் கையால் ஒரு தட்டு தட்டி நியூட்ரலுக்குக் கொண்டு வந்துட்டு ஏறி ஓட்டுவார். பின்னாடி இருந்து ஹாரன் அடிக்கிறவங்களைத் திரும்பியே பார்க்க மாட்டார்.

அந்தத் தட்டு வைத்தியத்துக்குள்ளேயே சரியான பழுது பார்க்கும் முறையும் இருக்கு. எஞ்சினை நிறுத்திட்டு, கியர் பெட்டிப் பக்கம் கம்பிகளைக் கழட்டி, அங்கே இருக்கும் லிவர்களைக் கையாலேயே அசைச்சுப் பாருங்க. ஒவ்வொரு கியரும் 'டக்' 'டக்'குனு சுத்தமா விழுந்தால் கியர் பெட்டி நல்லா இருக்கு. பழுது வழியில்தான். அப்புறம் தண்டின் மேல் பக்கமிருந்து கீழே வரைக்கும் மூட்டு மூட்டாப் பிடிச்சு ஆட்டி, தேஞ்ச புஷ்ஷை மாத்தணும். இதைச் செய்யாம கியர் பெட்டியை இறக்கி, செலவு பண்ணி, திரும்ப ஏத்தி, அதே பழுதோடு வண்டியை எடுத்துட்டுப் போனவங்க ஏராளம்.

ஒண்ணு கவனிங்க. புஷ்ஷை லேத்தில் கடைஞ்சு போடுவதில் இங்கே தப்பே இல்லை. அசலை விட நல்ல சாமானில்கூடக் கடையலாம். கை கியர் பழுதானால் வண்டி நிக்கும், அவ்வளவுதான். ஆள் போக மாட்டார். திசை திருப்பும் தண்டு அப்படி இல்லை.

ஆட்டத்தைத் தேடுவது

கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் இருபது. நம்ம பக்கத்து வண்டிக்கு ஸ்டியரிங் ஆட்டம் என்பது சும்மா பேச்சு இல்லை. ஆனா ஆட்டம் கையில் தெரியுறது ஸ்டியரிங் சக்கரத்தில் என்பதால், பழுதும் அங்கேயே இருக்கும்னு நினைச்சுத் தண்டைக் கழட்டுறவங்க உண்டு. தேட வேண்டிய வழி நேர் எதிர். ரோட்டில் இருந்து மேலே வரணும்.

முதலில் டயர்க் காத்து. முன் டயரில் காத்து குறைஞ்சா ஸ்டியரிங் கனமாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இது சரியா இருந்தால் அடுத்து ஜாக்கி போட்டு ஒரு முன் சக்கரத்தைத் தூக்குங்க. மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினால் சக்கர பேரிங்கோ, சக்கரத்தைத் திருப்ப விடும் கிங் பின், டிரன்னியன் மூட்டுகளோ தேஞ்சிருக்கு. ரெண்டில் எது? உள்ளே ஒருத்தரை உட்கார வச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னால் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடினால் மூட்டு. பைசா செலவில்லாத சோதனை, ஆனா தெளிவா பதில் சொல்லும்.

அடுத்து இடது வலதா பிடிச்சு ஆட்டுங்க. இப்போ ஆடினால் டை ராடு எண்ட் பக்கம் சந்தேகம். அதுக்கப்புறம் வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நேரா நிக்கும்போது ஒருத்தர் ஸ்டியரிங்கை இலேசா இடமும் வலமும் ஆட்ட, இன்னொருத்தர் கீழே படுத்துக்கிட்டு ஒவ்வொரு மூட்டிலும் கை வச்சுப் பார்க்கணும். மூட்டோட ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையலேன்னா பழுது அங்கேதான். கண்ணை விட கை நல்லாச் சொல்லும்.

இதெல்லாம் சுத்தமா இருந்தால்தான் மேலே வரணும். இங்கேதான் எந்தக் கார் என்பது முக்கியம். அம்பாசிடரிலும் ஹெரால்டிலும் இருப்பது ராக் அண்ட் பினியன். ஒரு பல் வச்ச நீளக் கம்பி, அதன் மேல் ஓடும் சின்னப் பல்சக்கரம். இதில் ஆட்டம் இயல்பாகவே ரொம்பக் குறைவு. ஃபியட்டில் இருப்பது வார்ம் வச்ச கியர் பெட்டி. மறை மாதிரி முறுக்கின தண்டு, அதில் பிடிச்சு நகரும் பல். இதில் கொஞ்சம் ஆட்டம் புதுசிலேயே உண்டு. அதைச் சரி பண்ண பெட்டியிலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கும்.

லாரி ஸ்டியரிங்கும் பெட்டி ஜாதிதான். லாரி ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்த ஸ்க்ரூ நல்லாப் பழக்கம். அதனால ஆட்டம்னு சொன்னதும் கை தானா அங்கே போகும். அளவோடு திருகினால் பலன் இருக்கு. ஆனா வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராத்தான் ஓடுது. அதனால பல் நடுப்பகுதியில் மட்டும் தேஞ்சிருக்கும். ஓரம் ரெண்டும் புதுசு மாதிரியே இருக்கும். நடுவில் ஆட்டம் போகுற அளவுக்கு முறுக்கினால், முழுசா ஒடிக்கும்போது ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பி வராது. நேர் ரோட்டில் "அருமையா இருக்குங்க" என்று சொன்ன வண்டி, கொண்டை ஊசி வளைவில் ஒடிச்ச பக்கமே நிக்கும். ஆடுற ஸ்டியரிங்கை விட இது மோசம்.

ஸ்டியரிங் கனமா இருந்து, முன் சக்கரம் ரெண்டையும் தூக்கினப் பிறகும் கனம் குறையலேன்னா, டேஷ்போர்டுக்குக் கீழே தண்டைப் பிடிச்சிருக்கும் கிளாம்பை இலேசா தளர்த்திப் பாருங்க. உடனே இலேசானால் தண்டு கோணலாப் பூட்டப்பட்டிருக்கு என்று அர்த்தம். கோணலிலேயே ஓட்டினால் புஷ் சீக்கிரம் தேயும்.

மெட்ராஸ் கார்

இந்த மூணு கார்ல நான் பெரிசாச் சொல்ல வந்தது ஹெரால்டு பத்தி. பிரிட்டனின் கவன்ட்ரியில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961இல் மெட்ராசில் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வெளிவந்தது. 1960களின் பிற்பகுதியில் நாலு கதவு வச்சு ஒரு வடிவம் இங்கே மட்டும் செஞ்சாங்க. பிறந்த நாட்டிலேயே நாலு கதவு ஹெரால்டு கிடையாது.

அதோட ஸ்டியரிங் அந்தக் காலத்தில் பேசப்பட்ட ஒண்ணு. 25 அடி வட்டத்துக்குள் முழுசாத் திரும்பிடும். மத்த ரெண்டு காரும் திணறும் சந்துல இது சுலபமாத் திரும்பும். கியர் லிவர் தரையில், சீட்டு தனித்தனி. அதனால தண்டில் கியர்க் கம்பிகளோட பாரம் இல்லை.

ஹெரால்டுக்குன்னே சில பழுதுகள் உண்டு. ராக்கைச் சட்டத்தோடு பிடிச்சிருப்பது ரப்பர் புஷ் வச்ச கிளாம்புகள். எஞ்சின் ஆயில் ஒழுகி அந்த ரப்பர் ஊறிப் போச்சுன்னா ராக்கே இடம் வலமா நகரும். மூட்டெல்லாம் புதுசா இருந்தும் வண்டி அலையும். தண்டின் அடியில் ராக்கோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் கப்ளிங். ரோட்டு அதிர்ச்சி கைக்கு வராம இருக்க அது. அதுவும் வருஷம் ஆனால் வெடிக்கும்.

இந்தக் கப்ளிங்கில்தான் ஒரு வேடிக்கையான பழுதும் இருக்கு. ஹாரன் பொத்தானை அமுக்கினால் கரண்டு தண்டு வழியாத்தான் பாடிக்குப் போய்ச் சேரணும். நடுவில் ரப்பர் இருக்கு, ரப்பரில் கரண்டு போகாது. அதனால கப்ளிங்கைத் தாண்டி ஒரு சின்ன எர்த் ஒயர் போட்டிருப்பாங்க. அந்த ஒயர் அறுந்தால் ஹாரன் அடிக்காது. ஹாரனையே மாத்துவாங்க, பொத்தானை மாத்துவாங்க, ஒண்ணும் நடக்காது. ஹெரால்டில் ஹாரன் அடிக்கலேன்னா முதலில் குனிஞ்சு ஸ்டியரிங் கப்ளிங்கைப் பாருங்க. நேர்மாறா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தானா ஹாரன் அடிச்சால், அது எந்தக் காரா இருந்தாலும், தண்டுக்குள்ளே போகும் ஒயரின் தோல் உரிஞ்சு இரும்பைத் தொடுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஹெரால்டின் முன் சக்கரத்தில் கீழ் டிரன்னியன் ஒரு மறை மாதிரி. அதுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டி கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் உள்ளே இறுகிப் போய் மறைக்கு உயவு கிடைக்காது. தண்ணி சேர்ந்து, துரு பிடிச்சு, சக்கரத்தைத் தாங்கும் தண்டு ஒருநாள் முறிஞ்சிடும். முறிஞ்சால் சக்கரம் மடங்கிடும். அம்பாசிடர், லாரி எல்லாத்துக்கும் கிரீஸ் கன்னைத் தூக்கிப் பழகின கை, ஹெரால்டுக்கும் அதையே அடிக்கும். அது பழக்க தோஷம், திறமைக் குறைவு இல்லை.

விட்டுக்கொடுக்க வேண்டிய மூட்டு

இப்போ விஷயத்துக்கு வரேன். 1950கள் வரைக்கும் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீள இரும்பு. ஒரு முனை எஞ்சின் பக்கம், மறுமுனை டிரைவர் நெஞ்சுக்கு நேரா. எதிரே வண்டி வந்து மோதினால் முன்பக்கம் நசுங்கும், தண்டு அப்படியே பின்னாடி தள்ளப்படும். ஈட்டி மாதிரி. வேற காயம் பெரிசா இல்லாமலேயே நெஞ்சில் தண்டு குத்தி இறந்த டிரைவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இதைப் பத்தி முன்கூட்டியே யோசிச்சவர்களில் ஒருத்தர் மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பேலா பரேன்யி. மோதினால் மடங்கி உள்வாங்கும் தண்டுக்குப் பல வருஷம் உழைச்சு, 1963இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1965இல் ரால்ஃப் நேடர் கார் பாதுகாப்பு பத்தி எழுதின புத்தகம் பெரிய புயலைக் கிளப்பியது. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் நசுங்கும் தண்டைப் போட்டது. தண்டில் கியர் இருக்கும் கார்களில்கூட அதைச் செய்ய முடியும்னு காட்டினாங்க. 1968 தொடக்கத்தில் இருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு அது கட்டாயம் ஆச்சு.

ஹெரால்டின் தண்டு ரெண்டு துண்டு. ஒண்ணுக்குள் ஒண்ணு நுழையும். ரெண்டையும் ஒரு கிளாம்பு பிடிச்சிருக்கும். அதில் போல்ட்டுகளும் ஒரு அலன் ஸ்க்ரூவும். கிளாம்பைத் தளர்த்தினால் ஸ்டியரிங்கை உங்கள் உயரத்துக்கு ஏத்த மாதிரி முன்ன பின்ன வச்சுக்கலாம். அதைவிடப் பெரிய வேலை, பலமா மோதினால் கிளாம்பு வழுக்கி ஒரு துண்டு இன்னொண்ணுக்குள் போயிடணும். தண்டு நீளம் குறையும், நெஞ்சுக்கு வராது.

யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கச் சட்டம் கேட்டதுக்கு முன்னாலேயே, 1961 முதல், நம்ம மெட்ராசில் இருந்து அந்தத் தண்டோடு கார் வெளியே வந்துட்டு இருந்தது. வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாததுதான் பிரச்சினை. வருஷம் ஆக ஆக அந்தக் கிளாம்பு இளகும். ஸ்டியரிங் சக்கரம் கையில் இலேசா முன்ன பின்ன அசையும். ஓட்டுறவருக்குப் பயம் வரும், நியாயம்தான். பட்டறைக்குப் போவார். "என்னங்க, ஸ்டியரிங்கே கையோட வருதுங்க." பட்டறையில் பார்ப்பாங்க. ரெண்டு குழாய், நடுவுல ஒரு கிளாம்பு, ஆடுது. கம்பெனி 1980களின் கடைசியில் மூடியாச்சு, அசல் கிளாம்பு கிடைக்காது. "ரெண்டு வெல்டு அடிச்சு விட்டுடலாமுங்க, ஆயுசுக்கும் ஆடாது." அடிச்சிடுவாங்க. நிஜமாவே ஆடாது. வண்டிக்காரரும் சந்தோஷமாப் போவார்.

இப்போ அந்தக் காரில் இருப்பது பழைய ஈட்டி. கம்பெனி கஷ்டப்பட்டு எடுத்த ஆபத்தை, ரிப்பேர் திரும்பக் கொண்டு வந்து வச்சிருக்கு. ரப்பர் கப்ளிங்குக்குப் பதிலா இரும்புத் தகடு வெட்டிப் போடுவதும் இதே வகைதான். ஆட்டம் போகும். ஆனா ரப்பர் வாங்கிட்டு இருந்த ரோட்டு அதிர்ச்சி எல்லாம் இனி ராக் பல்லுக்கும் மேல் புஷ்ஷுக்கும் போகும்.

இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவர் கை பழகின வண்டிகளில் தளர்வு என்றால் பழுது. லாரி பாடியில் தளர்வு பழுது, ரிக் வண்டியில் தளர்வு பழுது, அம்பாசிடர் கை கியரில் தளர்வு பழுது. இறுக்கினால் சரியாகும். பாகம் கிடைக்காத நாட்டில் முப்பது வருஷம் வண்டிகளை ஓட வச்சது அந்த இறுக்குற கைதான். அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், வேணும்னே விட்டுக்கொடுக்க வச்ச மூட்டும் உண்டு என்பது. ஹெரால்டோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அது பட்டறை வரைக்கும் வரவே இல்லை.

பழைய காரை எடுத்து ஓட்டுறவங்களுக்கு

இப்போ பழைய கார்களைத் தேடி வாங்கி, பெயின்ட் அடிச்சு, கல்யாண ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் எடுக்கும் ஆர்வம் கூடியிருக்கு. நல்ல விஷயம். ஆனா வாங்கும்போது பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்குற கண்ணு டேஷ்போர்டுக்குக் கீழே போறதில்லை. ஹெரால்டு வாங்குறீங்கன்னா ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு குனிஞ்சு தண்டைப் பாருங்க. கிளாம்பு இருக்கா, போல்ட்டும் அலன் ஸ்க்ரூவும் இருக்கா, பக்கத்தில் எங்கேயாவது வெல்டிங் பொட்டு தெரியுதா. வெல்டு இருந்தால் விலை பேசுறதுக்கு முன்னாடி அந்தத் தண்டை மாத்தும் செலவைக் கணக்கில் சேர்த்துக்குங்க. ஹெரால்டு குடும்பத்துக்கு பிரிட்டனில் இன்னும் பாகம் கிடைக்குது. கப்ளிங், ராக் ரப்பர், தண்டு புஷ் எல்லாம் வரவழைக்கலாம்.

அம்பாசிடரோ ஃபியட்டோ வச்சிருந்தால் அதில் ஹெரால்டு மாதிரித் தண்டு இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. அதை மெதுவா ஓட்டுறதுதான் பாதுகாப்பு. புஷ் தேஞ்சால் தயங்காம லேத்துக்குப் போங்க. தண்டு வளைஞ்சிருந்தாலோ விரிசல் தெரிஞ்சாலோ மட்டும் நிமித்தவோ ஒட்டவோ சொல்லாதீங்க. நல்ல தண்டு ஒண்ணைத் தேடிப் பிடிங்க. இந்த ரெண்டு காரும் லட்சக்கணக்கில் ஓடின நாடு இது, கிடைக்கும்.

பட்டறைக்காரர்கிட்ட பேசும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க. "அண்ணா, இந்த இடம் மோதினா உள்ளே போகணும்னு கம்பெனிக்காரனே வச்சதுங்க. வெல்டு வேண்டாமுங்க, கிளாம்பு மட்டும் கடைஞ்சு கொடுங்க." எதுக்கு அந்த மூட்டுன்னு காரணம் புரிஞ்சுடுச்சுன்னா அளவு எடுத்து, அசல் மாதிரியே கடைஞ்சு, எந்த அளவுக்கு இறுக்கணும்னு உங்ககிட்டயே திருப்பிக் கேட்பார். வண்டியோட வந்த புத்தகம் கிடைச்சால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கையோட கொண்டு போங்க. இறுக்கும் அளவு அதில் இருக்கு.